படம் வந்துவிட்டது, சரியாக வந்ததா?

(ஒரு கல்லூரியின் கணினி அறிவியல் மாணவர் மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அழைக்க வந்த மன்றச் செயலாளர் ஒரு சின்னச் சங்கடத்தைச் சொன்னார். மாணவர்களில் பாதிப் பேர் கிராபிக்ஸ் நிரலாக்கம் கற்க என்ன புத்தகம் படிக்கலாம் என்று கேட்கிறார்களாம். மீதிப் பேருக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேண்டுமாம். "ஆளுக்குப் பாதி நேரம் என்று பிரித்துப் பேசிவிடுங்கள் சார்" என்றார். நான் பிரிக்கப் போவதில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். டெஸ்டிங் பழக கிராபிக்ஸைவிட நல்ல களம் எனக்குத் தெரிந்து கிடையாது. டெஸ்டிங் தெரியாமல் கிராபிக்ஸ் எழுதுகிறவரோ, திரையில் ஏதோ ஒரு படம் வந்ததுமே வேலை முடிந்தது என்று எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

கிராபிக்ஸ் லேபில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். டர்போ சி, இல்லையென்றால் அதைப் போன்ற ஒன்று. இனிட்கிராஃப் என்று ஒரு வரி. பிறகு டிடிஏ முறையில் ஒரு கோடு, பிரெசன்ஹாம் முறையில் ஒரு கோடு, ஒரு வட்டம், கோஹன்–சதர்லாண்ட் முறையில் ஓரம் வெட்டுதல். ரெக்கார்டு நோட்டில் நோக்கம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். அவுட்புட் என்பது திரையில் தெரிந்த சாய்கோடு. கோடு வந்துவிட்டது, ஆகவே நிரல் சரி. எந்தெந்தப் புள்ளி ஒளிர்ந்தது, எது ஒளிர்ந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, வைவாவிலும் கேட்பதில்லை.

அந்தக் கோட்டையே கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஜாக் பிரெசன்ஹாம் ஐபிஎம் ஊழியராக இருந்தவர். 1962இல் இந்த முறையை உருவாக்கினார். 1965இல் ஐபிஎம்மின் ஆய்விதழில் வெளியானது. அவர் முன்னால் இருந்தது நம்மிடம் இருப்பதுபோன்ற திரை அல்ல, பேனா பிடித்துத் தாளில் வரையும் பிளாட்டர். பேனா ஒரு நேரத்தில் ஒரு அடிதான் நகரும். அதனால்தான் பின்னமே இல்லாமல், முழு எண்களைக் கூட்டியும் கழித்தும் மட்டுமே அடுத்த அடி எங்கே என்று சொல்கிற ஒரு வழியைத் தேடினார். அதே முறை பிற்பாடு பிக்சலுக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

இப்போது (0,0) என்ற புள்ளியிலிருந்து (4,2) வரை ஒரு கோடு போடுங்கள். பேப்பரிலேயே போடலாம். பாடப்புத்தக முறைப்படி தீர்மான மாறி தொடக்கத்தில் 0. பூஜ்யமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு படி ஏறு என்று எழுதியிருந்தால், ஒளிரும் புள்ளிகள் (0,0), (1,1), (2,1), (3,2), (4,2). நல்லது. அதே கோட்டை (4,2)இல் தொடங்கி (0,0)க்கு வாருங்கள். இப்போது கிடைப்பவை (4,2), (3,1), (2,1), (1,0), (0,0). ஐந்தில் இரண்டு புள்ளிகள் மாறிவிட்டன! உண்மையான கோடு இரண்டு பிக்சல்களுக்கு நட்டநடுவே போகும் இடங்களில், எந்தப் பக்கம் சாய்வது என்பது நாம் எந்த முனையிலிருந்து புறப்பட்டோம் என்பதைப் பொறுத்துப் போய்விடுகிறது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். ஒரு கோட்டை வெள்ளையில் வரைந்து, பிறகு கருப்பில் அதே கோட்டை எதிர்த்திசையில் வரைந்து அழித்துப் பாருங்கள். (1,1), (3,2) ஆகிய இரண்டு வெள்ளைப் புள்ளிகள் அழியாமல் நிற்கும். அசையும் படம் ஒன்றில் ஒவ்வொரு நொடியும் இப்படிச் சில புள்ளிகள் மிச்சமானால், கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கத் தூசி.

சரி, இது பிழையா? இங்கேதான் டெஸ்டிங் தொடங்குகிறது. "இரு முனைகளில் எதிலிருந்து வரைந்தாலும் ஒரே புள்ளிகள் வர வேண்டும்" என்று நாம் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால் பிழை. எழுதிவைக்கவில்லை என்றால் அது பிழை என்று சொல்லவும் வழியில்லை, சரி என்று சொல்லவும் வழியில்லை. எழுதிவைத்த பிறகு திருத்துவது ஒரு வரி வேலை: எப்போதும் இடப்பக்க முனையிலிருந்தே தொடங்கு என்று சொல்லிவிடலாம். சோதிப்பதும் எளிது. ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தில் மொத்தம் 81 புள்ளிகள். எல்லா ஜோடிகளையும் எடுத்தால் 6561 கோடுகள். ஒவ்வொன்றையும் இரு திசையிலும் வரைந்து ஒப்பிடச் சொன்னால் கணினி கண் இமைப்பதற்குள் முடித்துவிடும்.

இந்த மனநிலையோடு புத்தகங்களுக்கு வருவோம்.

கிராபிக்ஸுக்கு நம் கல்லூரிகளில் பல ஆண்டுகளாகப் புழங்குவது ஹியர்ன்–பேக்கர் எழுதிய பாடநூல். தேர்வுக்கு அது போதும். ஆனால் கற்கத் தொடங்குகிறவருக்கு நான் முதலில் கையில் கொடுப்பது கேப்ரியல் கம்பெட்டாவின் 'கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்'. 2021இல் நூலாக வந்தது. ஆசிரியரின் தளத்தில் இலவசமாகவும் படிக்கலாம். அதன் அழகு என்னவென்றால், ஒரு புள்ளிக்கு ஒரு நிறம் கொடு என்கிற ஒரே ஒரு செயற்கூற்றை மட்டும் வைத்துக்கொண்டு மொத்தப் புத்தகமும் நடக்கிறது. முதல் பாதியில் கண்ணிலிருந்து கதிரை எறிந்து படம் உண்டாக்கும் ரே டிரேசிங். இரண்டாம் பாதியில் முக்கோணங்களைப் பிக்சல்களாக நிரப்பும் ராஸ்டரைசேஷன். கிராபிக்ஸ் உலகமே அந்த இரண்டு வழிகளில்தான் ஓடுகிறது.

கணக்கு பயமுறுத்துகிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப் புத்தகங்களில் வெக்டர் பாடமும் அணிகள் பாடமும் இருக்கின்றன. புள்ளிப் பெருக்கல், குறுக்குப் பெருக்கல், அணிப் பெருக்கல். பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டிருந்தால் தம்பி தங்கையிடம் கடன் வாங்குங்கள். தொடங்க அவ்வளவு கணக்கு போதும். மதிப்பெண்ணுக்காகப் போட்ட கணக்கு ஒரு பந்தின் மேல் வெளிச்சமாக விழுவதைப் பார்க்கும்போது அந்தப் பாடத்தின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணியும்.

அடுத்தது பீட்டர் ஷெர்லியின் 'ரே டிரேசிங் இன் ஒன் வீக்கெண்ட்'. 2016இல் வெளிவந்தது. இதுவும் இலவசம். சி பிளஸ் பிளஸ் மட்டும் தெரிந்தால் போதும். கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், எந்த லைப்ரரியும் வேண்டாம். படத்தை பிபிஎம் என்கிற கோப்பாக எழுதுகிறார். அது வெறும் எண்களால் ஆன உரைக் கோப்பு, நோட்பேடில் திறந்து ஒவ்வொரு பிக்சலின் சிவப்பு, பச்சை, நீல எண்களையும் கண்ணால் படிக்கலாம். சோதனை செய்ய விரும்புகிறவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? தலைப்பில் வார இறுதி என்று இருப்பதைப் பார்த்துத் திங்கட்கிழமை மனம் உடையாதீர்கள். மெதுவாகவே போகலாம்.

அந்த நூலில் ஓர் இடத்தில் உங்கள் பந்துகளின் மேல் அம்மைத் தழும்பு மாதிரி கரும்புள்ளிகள் தோன்றும். கதிர் பந்தைத் தொட்ட இடத்திலிருந்து அடுத்த கதிர் கிளம்ப வேண்டும். தசம எண்களைக் கணினி தோராயமாக்கி வைப்பதால், தொட்ட இடம் மயிரிழை அளவு பந்துக்குள்ளே போய்விடுகிறது. அங்கிருந்து கிளம்பும் கதிர் உடனே அதே பந்தில் மோதுகிறது. இல்லாத நிழல் விழுகிறது. ஷெர்லி சொல்லும் மருந்து: 0.001க்குக் குறைந்த தொலைவில் நடக்கும் மோதலைக் கணக்கில் எடுக்காதே. தழும்பு மறைந்துவிடும். பெரும்பாலோர் அதோடு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள்.

நீங்கள் போகாதீர்கள். பந்து, தரை, கேமரா எல்லாவற்றையும் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கி அதே படத்தை எடுங்கள். எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்கியிருப்பதால் படம் மாறக்கூடாது. ஆனால் மாறும். சின்னப் பந்தின் அடியில் விழ வேண்டிய நிழல் காணாமல் போகும். ஏனென்றால் இப்போது பந்தே 0.001 அளவுதான், அந்தத் தொலைவில் நடப்பதைக் கவனிக்காதே என்று நாமே சொல்லிவைத்திருக்கிறோம். படத்தைப் பார்த்து மட்டும் இந்தக் குறையைக் கண்டிருக்க முடியாது. மாறக்கூடாதது எது என்று யோசித்தவருக்குத்தான் அது தெரியும்.

இந்த இரண்டையும் முடித்தவர் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகலாம். ஜோயி டி ஃப்ரீஸ் எழுதிய 'லேர்ன் ஓப்பன்ஜிஎல்' அதற்கு நல்ல வழிகாட்டி. ஓப்பன்ஜிஎல் 1992இல் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தில் பிறந்தது. பழைய முறையில் எழுதப்பட்ட பாடங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன; இவருடையது ஷேடர், அதாவது கார்டிலேயே ஓடும் சிறு நிரல், எழுதும் புதிய முறை. எடுத்தவுடனே ஓப்பன்ஜிஎல்லை விட்டு வல்கன் கற்கிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள். ஒரு முக்கோணத்தைத் திரையில் காட்ட அதில் ஏறத்தாழ ஆயிரம் வரி எழுத வேண்டும். முதல் ஆண்டு ஆர்வத்தை அதில் கரைக்க வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டுக்குப் போனதும் நீங்கள் சந்திக்கப்போவது கருப்புத் திரை. நிரல் ஓடும், பிழைச் செய்தி எதுவும் வராது, திரையில் ஒன்றும் இருக்காது. அச்சிட்டுப் பார்த்துப் பிழை தேடும் வழக்கம் ஷேடருக்குள் செல்லாது. அங்கே உதவுவது ரெண்டர்டாக் என்னும் கருவி. பால்டர் கார்ல்சன் கிரைடெக் என்ற கேம் நிறுவனத்தில் இருந்தபோது தொடங்கியது. 2014இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் ஒரே ஒரு ஃபிரேமைப் பிடித்து நிறுத்தி, அதில் நடந்த ஒவ்வொரு வரைதல் கட்டளையையும் வரிசையாகப் பிரித்துக் காட்டும். முக்கோணத்தின் மூன்று முனைகளும் ஷேடருக்குள் போகும்போது என்ன எண், வெளியே வரும்போது என்ன எண் என்று அட்டவணையில் படிக்கலாம். கேமராவுக்குப் பின்னால் போய்விட்டதா, திருப்பிச் சுற்றி வரையப்பட்டதால் புறமுதுகு என்று தள்ளப்பட்டதா, ஆழத் தாங்கியில் தோற்றுவிட்டதா எல்லாம் அங்கே தெரிந்துவிடும். கிராபிக்ஸில் ஒரே ஒரு கருவியைத்தான் கற்க நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

பெரிய புத்தகங்கள் இரண்டு. 'ரியல்-டைம் ரெண்டரிங்', 2018இல் வந்த நான்காம் பதிப்பு, ஆயிரம் பக்கத்துக்கு மேல். கேம் துறைக்குப் போகிறவர் அருகில் வைத்துக்கொள்ள வேண்டியது. முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதல்ல. மற்றொன்று 'ஃபிசிகலி பேஸ்டு ரெண்டரிங்'. இதன் முழு உரையும் இணையத்தில் இலவசம். நூலும் நிரலும் ஒன்றாகப் பின்னி எழுதப்பட்டது. இதில் விளக்கிய முறைக்காக அமெரிக்கத் திரைப்பட அகாடமி 2014இல் தொழில்நுட்ப விருது கொடுத்தது. ஒரு பாடப்புத்தகத்தின் வழியாக ஆஸ்கர் மேடைக்குப் போகலாம் என்பது வாத்தியார்களுக்கு ஆறுதலான செய்தி.

இனி டெஸ்டிங். இந்தத் துறையை நம் ஊரில் கொஞ்சம் மட்டமாகவே நினைக்கிறார்கள். டெவலப்பர் வேலை கிடைக்காதவர் போகிற இடம் என்று பெற்றோர்வரை ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. பயிற்சி மையங்களும் செலினியம் கற்றுக்கொடுத்து அனுப்பிவிடுகின்றன. 2004இல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம் நல்ல கருவிதான். பட்டனை அழுத்தும், பெட்டியில் எழுதும். எந்தப் பட்டனை ஏன் அழுத்த வேண்டும் என்பதை அது சொல்லாது. அதை மையர்ஸிடம்தான் படிக்க வேண்டும்.

கிளென்ஃபோர்ட் மையர்ஸ் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் சாஃப்ட்வேர் டெஸ்டிங்' 1979இல் வந்தது. ஒல்லியான நூல். தொடக்கத்திலேயே வாசகருக்கு ஒரு தேர்வு வைக்கிறார். ஒரு நிரல் மூன்று முழு எண்களை வாங்கி, அவற்றைப் பக்கங்களாகக் கொண்ட முக்கோணம் சமபக்கமா, இருசமபக்கமா, அசமபக்கமா என்று சொல்லும். இதைச் சோதிக்க என்னென்ன உள்ளீடு கொடுப்பீர்கள்? எழுதி முடித்ததும் 14 கேள்விகளை வைத்து உங்களுக்கு நீங்களே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். அனுபவமுள்ள நிரலாளர்களே சராசரியாக 7.8 தான் வாங்கினார்கள் என்று மையர்ஸ் எழுதியிருக்கிறார். பூஜ்யம் கொடுத்தீர்களா, எதிர்ம எண் கொடுத்தீர்களா, இரண்டு சம பக்கங்களை மூன்று வரிசையிலும் மாற்றிக் கொடுத்தீர்களா என்று கேள்விகள் போகும். கடைசிக் கேள்வி என்ன தெரியுமா? ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் என்ன விடை வர வேண்டும் என்பதையும் எழுதினீர்களா என்பது. நம் ரெக்கார்டு நோட்டில் இல்லாத வரி அதுதான்.

அந்தக் கேள்விகளில் ஒன்று 1, 2, 3 என்ற பக்கங்களைப் பற்றியது. ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று. ஆகவே அது முக்கோணமே இல்லை, தட்டையாகப் படுத்த கோடு. இது ஏதோ பரீட்சைக்காகக் கிளப்பிய வம்பு என்று நினைக்க வேண்டாம். ஒரு முப்பரிமாண உருவத்தைக் கோப்பிலிருந்து ஏற்றினால் இப்படிப் படுத்துப்போன முக்கோணங்கள் உள்ளே இருக்கலாம். அதன் மேற்பரப்புச் செங்குத்தைக் கண்டுபிடிக்கக் குறுக்குப் பெருக்கல் போடுவீர்கள், பூஜ்யம் வரும். அதன் நீளத்தால் வகுப்பீர்கள், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்ததாக ஆகும். கிடைப்பது எண்ணே அல்லாத ஒன்று. அது அடுத்தடுத்த கணக்குகளில் தொற்றிக்கொண்டு போய், படத்தில் எங்கோ ஒரு கருப்புச் சதுரமாக வந்து நிற்கும். மையர்ஸின் முக்கோணமும் கிராபிக்ஸ் கார்டின் முக்கோணமும் ஒன்றேதான்.

மையர்ஸுக்குப் பிறகு மூன்று நூல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேனர், பாக், பெட்டிகார்ட் மூவரும் எழுதிய 'லெசன்ஸ் லேர்ன்டு இன் சாஃப்ட்வேர் டெஸ்டிங்': 293 சிறு பாடங்கள், பேருந்தில் போகும்போதுகூடப் படிக்கலாம். பிழையறிக்கை எழுதுவது பற்றிய பகுதியை வேலைக்குப் போகுமுன் எல்லோரும் படிக்க வேண்டும். கென்ட் பெக்கின் 'டெஸ்ட்-டிரிவன் டெவலப்மென்ட்: பை எக்சாம்பிள்': சோதனையை முதலில் எழுதி, நிரலைப் பிறகு எழுதும் முறை. அதை எல்லா இடத்திலும் கடைப்பிடிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. கிராபிக்ஸில் நிச்சயமாக முடியாது. ஆனால் வெக்டர், அணி சம்பந்தப்பட்ட பகுதிகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். மைக்கேல் ஃபெதர்ஸின் 'வொர்க்கிங் எஃபெக்டிவ்லி வித் லெகசி கோட்': வேலையில் சேர்ந்ததும் உங்களிடம் தரப்படும் பழைய நிரலை உடைக்காமல் தொடுவது எப்படி என்று சொல்லும். ஐஎஸ்டிகியூபி சான்றிதழ் பற்றியும் கேட்பீர்கள். அதன் அடிப்படைப் பாடத்திட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. துறையின் சொற்களைப் பழக அது உதவும், நேர்காணலிலும் உதவும். அதற்கு மேல் அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கருவிகளில், பைத்தான் தெரிந்தவர் பைடெஸ்டில் தொடங்கலாம். சி பிளஸ் பிளஸ் என்றால் கூகுள்டெஸ்ட் அல்லது கேட்ச்2. அத்தோடு ஹைப்போதிசிஸ் என்ற பைத்தான் லைப்ரரியைக் கட்டாயம் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் கோன் கிளாசென், ஜான் ஹியூஸ் ஆகியோர் ஹாஸ்கெல் மொழிக்காக எழுதிய குவிக்செக்கின் வழியில் வந்தது. உள்ளீடுகளை நாம் யோசிக்க வேண்டாம். எந்த உள்ளீட்டுக்கும் மாறாத விதி ஒன்றைச் சொன்னால் போதும். ஒரு உருவத்தைச் சுழற்றி, அதே அளவு திருப்பிச் சுழற்றினால் பழைய இடத்துக்கு வர வேண்டும், கிட்டத்தட்ட. அந்தக் "கிட்டத்தட்ட" எவ்வளவு என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். விதியை மீறும் எண்களை அது தேடிப் பிடித்து, முடிந்தவரை எளிய உதாரணமாகச் சுருக்கிக் கொடுக்கும்.

படத்தையே எப்படிச் சோதிப்பது? வழக்கமான முறை, சரி என்று ஒப்புக்கொண்ட ஒரு படத்தைச் சேமித்துவைத்து, புதிய படத்தை அதோடு ஒப்பிடுவது. இமேஜ்மேஜிக்கில் ஒரே கட்டளையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிவப்பில் காட்டச் சொல்லலாம். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே ஷேடர் இரண்டு கம்பெனி கார்டுகளில் கடைசித் தசமத்தில் வேறுபடும். பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டால் தினமும் பொய் எச்சரிக்கை வரும். சலுகையைக் கூட்டினால் உண்மைப் பிழை நழுவிவிடும். குரோம் உலாவியில் படம் வரையும் ஸ்கியா லைப்ரரிக்காரர்கள் ஒரே சோதனைக்குப் பல படங்களைச் சரி என்று மனிதர் பார்த்து ஒப்புக்கொள்ளும் ஏற்பாட்டை வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை வேறொன்று. வெள்ளை உலைச் சோதனை என்பார்கள். ஷெர்லியின் நூலில் எழுதிய நிரலிலேயே செய்யலாம். பின்னணி முழுவதையும் ஒரே வெள்ளையாக்குங்கள். விழும் ஒளி முழுவதையும் திருப்பியனுப்பும் ஒரு பந்தை நடுவில் வையுங்கள். கணக்கு சரியாக இருந்தால் பந்து கண்ணுக்குத் தெரியக்கூடாது. படம் முழுக்க வெறும் வெள்ளை. பந்து மங்கலாகத் தெரிந்தால் எங்கோ ஒளி தொலைகிறது. பின்னணியைவிடப் பிரகாசமாகத் தெரிந்தால் இல்லாத ஒளியை உண்டாக்குகிறீர்கள். ஒன்றுமே தெரியாத படம்தான் இங்கே சரியான விடை.

சரியான படம் எது என்று தெரியாவிட்டாலும் மாறக்கூடாதது எது என்று தெரிந்தால் சோதிக்கலாம் என்ற இந்த எண்ணத்தை லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அலஸ்டர் டொனால்ட்சன் குழுவினர் கிராபிக்ஸ் கார்டுகளின் டிரைவர்கள்மீதே பிரயோகித்தார்கள். ஒரு ஷேடரை எடுத்து, அதன் பொருளை மாற்றாத வரிகளைச் செருகினார்கள்: பூஜ்யத்தைக் கூட்டுவது, ஒருபோதும் நிறைவேறாத நிபந்தனைக்குள் ஒரு கட்டளை, ஒரே ஒருமுறை சுற்றும் லூப். படம் மாறக்கூடாது. பல கம்பெனிகளின் டிரைவர்களில் படம் மாறியது. கிராபிக்ஸ்ஃபஸ் என்ற அந்தக் கருவியை 2018இல் கூகுள் வாங்கித் திறமூலமாக்கியது. டெஸ்டிங் இரண்டாம்தர வேலை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

துறைத் தலைவர் முன்வரிசையில் இருப்பதால் அவருக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். ஐயா, நான் சொன்ன கருவிகள் எதற்கும் பணம் தேவையில்லை. கிராபிக்ஸ் புத்தகங்களில் பெரும்பாலானவையும் இலவசம். நூலகத்துக்கு மையர்ஸ் ஒரு பிரதி, 'ரியல்-டைம் ரெண்டரிங்' ஒரு பிரதி வாங்கித் தாருங்கள். லேப் கணினிகளில் ரெண்டர்டாக் நிறுவ மாணவர்களை அனுமதியுங்கள். அடுத்த பருவத்திலிருந்து ரெக்கார்டு நோட்டில் அவுட்புட்டுக்கு முன்னால் "எதிர்பார்க்கும் விடை" என்று ஒரு தலைப்பைச் சேர்த்து, அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.